தண்ணீர் தெளிந்த வீடுகள்

கீரணம்பாளையத்துத் தண்ணீருக்கு நிறம் உண்டு என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள், உள்ளூர்க்காரர்களிடம் சொன்னால் இன்றைக்கு என்ன நிறம் என்று கேட்பார்கள். ஓடைக்கரைச் சாயப்பட்டறையில் நீலம் ஓடினால் மறுநாள் ஊர்க் குழாயில் நீலம் வரும், சிவப்பு ஓடினால் சிவப்பு வரும், கறுப்பு ஓடினால் அன்றைக்கு யாரும் வெள்ளை வேட்டி துவைக்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எருமைகள் ஓடையில் இறங்கி நீலமாகவே வீட்டுக்கு வந்தன, தென்னைகள் உப்புக் கரிக்கும் இளநீரைக் காய்த்தன, கல்யாண வீட்டுச் சமையல்காரர் பட்டறைக்கு ஆள் அனுப்பி நாளைக்கு என்ன கலர் என்று கேட்டு வந்த பிறகுதான் ரசத்துக்குப் புளி கரைப்பார். துணியில் வடிகட்டு, கொதிக்க வை, கண்ணை மூடிக்கொண்டு குடி. இப்படித்தான் அங்கே பிள்ளைகளை வளர்த்தார்கள்.

துளசிமணியும் தன் மகள் தாரணியை அப்படித்தான் வளர்த்தாள். பட்டறைக்குப் பின்னால் முதலாளி கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாள். அவள் புருஷன் சென்னியப்பன் அதே பட்டறையில் துணியைச் சாயத்தில் சுழற்றும் மிஷினில் வேலை பார்த்தான். வேலை போனால் வீடும் போகும், வீடு போனால் போக்கிடம் இல்லை. துளசிமணி பிறவியிலேயே பயந்த சுபாவம், பஸ்ஸில் கண்டக்டர் கொஞ்சம் உரக்கப் பேசினாலே டிக்கெட் கையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவள். மூன்றாம் வகுப்புப் படிக்கிற தாரணிக்கு முழங்காலுக்குக் கீழே புண் வந்தது, ஆறியது, மறுபடி வந்தது, பிள்ளை பெஞ்சுக்கு அடியில் காலைச் சொறிந்து சொறிந்து ரத்தம் வழிய வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தண்ணியை மாத்துங்கம்மா என்றார். என்னமோ செருப்பை மாற்றச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டார், மகராசன்.

அந்த வருஷம் ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. பட்டறை முதலாளி தன் மச்சினன் ராசப்பனை நிறுத்தினார், அவர் நிறுத்தினால் பாதி ஜெயித்த மாதிரி. எதிர்த்து நின்றவள் ஜாக்கெட் தைக்கிற கோமதி. ஒரு மொபட்டில் தெருத் தெருவாக வருவாள், மைக் கிடையாது, கூட ஆள் கிடையாது, நிறுத்தினால் வண்டியிலிருந்து இறங்காமலேயே பேசுவாள். பட்டறையை மூடச் சொல்லவில்லை, ஓடைக்குள் விடுகிற குழாயை மூடச் சொல்கிறேன், அவர்கள் தண்ணீரை அவர்களே சுத்தம் பண்ணி அவர்களே திருப்பி எடுத்துக்கொள்ளட்டும் என்பாள். ரோடு போடுவாயா என்றால் முதலில் தண்ணீர் என்பாள். தெருவிளக்கு என்றால் அதுவும் தண்ணீருக்குப் பிறகுதான் என்பாள். இப்படிப் பேசினால் யார் ஓட்டுப் போடுவார்கள் என்று ஊரே சிரித்தது. போதாக்குறைக்கு அவளுக்குக் கிடைத்த சின்னம் சீப்பு.

சிரிப்பு நின்றது ரங்கண்ணன் டீக்கடையில்தான். ஒரு காலை நேரம், கடை நிறைய ஆட்கள் இருக்கையில், கிளாஸ் கழுவுகிற வாளியில் அவர் கையை விட்டார், வாளியில் இருந்த ஊதாத் தண்ணீர் அவர் கையைச் சுற்றி வெளுத்து, வெளுப்பு பரவி, அடியில் கிடந்த கரண்டி தெரிய, கரண்டியில் இருந்த கம்பெனிப் பெயரைக்கூடப் படிக்கலாம்போல ஆகிவிட்டது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என்ன பண்ணினீர்கள் என்று கேட்டதற்கு ஒன்றும் பண்ணவில்லையப்பா, இந்தத் தடவை அந்தப் பெண்ணுக்கே போட்டுத் தொலைக்கலாம் என்று இப்போதுதான் மனசுக்குள் நினைத்தேன் என்று ரங்கண்ணன் வெள்ளந்தியாகச் சொன்னார். அன்றைக்கு மத்தியானத்துக்குள் கிழக்குத் தெருவில் ஒரு குடம் தெளிந்தது, கோவில் வீதியில் ஒரு தொட்டி தெளிந்தது, மாடு குடிக்கிற கல்தொட்டிகூட ஒன்று தெளிந்தது, யார் கை பட்டு என்று தெரியவில்லை. கோமதியின் குழாய்ப் பேச்சு எவர் மனசில் இறங்கி உட்கார்ந்ததோ அவர் தொட்ட தண்ணீர் தெளிந்தது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் நீலமாக வந்தபோது ஏன் என்று கேட்டவர்களா இப்போது கேட்கப்போகிறார்கள்?

ஒரே ஒரு பொழுதுதான் அந்தச் சந்தோஷம். ஓட்டு ரகசியம் என்பார்கள், இங்கே ரகசியம் வீட்டுக்கு வீடு குடத்தில் தெரிகிறதே என்பது சாயங்காலம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மறுநாள் பார்த்தால் ரங்கண்ணன் கடை இருந்த இடத்தில் சிமெண்டுத் தரை மட்டும் இருந்தது. இடம் முதலாளியுடையது, கூரைத் தகடு முதலாளியுடையது, அவர் தன் பொருளைத் தான் எடுத்துக்கொண்டார், ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை, யாரையும் அடிக்கவில்லை. ரங்கண்ணன் அடுப்பையும் பாய்லரையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போனார் என்று கேட்கக்கூட ஆளில்லை. ஊர் ஜனங்களைப் பயப்படவைத்தது அந்தக் காலி இடம்தான்.

அதற்கப்புறம் மாரப்பன் வர ஆரம்பித்தார். பட்டறையில் கணக்கு வழக்குப் பார்க்கிறவர், நெற்றி நிறையத் திருநீறு, அதட்டத் தெரியாத குரல். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் விட்டுவிட்டு உள்ளே வந்து உட்காருவார். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்கு வாங்க என்று சொன்ன வாயோடு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்க வேண்டும், விரோதியாக இருந்தாலும் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் அந்த வீட்டில் மனுஷர் இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. அதைப் பிடித்துக்கொண்டார் மனுஷர். சொம்பை வாங்குவார், குடிக்க மாட்டார், உள்ளே எட்டிப் பார்ப்பார், கீழே வைத்துவிட்டுப் பிள்ளை நல்லாப் படிக்குதா என்று விசாரித்துவிட்டுப் போவார். தெளிந்த சொம்பு கொடுத்த வீட்டுச் சாமான்கள் மறுநாள் ரோட்டில் இருந்தன.

துளசிமணிக்கு மனசு முடிவானது எந்த நேரத்தில் என்றால், தாரணியின் காலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில். மக்கில் மஞ்சள் நிறத் தண்ணீர். அதை எடுத்து ஊற்றும்போது பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, அழாமல், மெதுவா ஊத்தும்மா என்றது. அந்தப் பெண் சொல்கிற குழாயை மூடினால்தான் இதற்கு விமோசனம், அவளுக்குத்தான் என் ஓட்டு என்று துளசிமணி நினைத்தாள், நினைத்த மாத்திரத்தில் மக்கிலிருந்து விழுந்த தண்ணீர் நடுவழியில் தெளிந்து பிள்ளை காலில் விழுந்தது. புண்ணின் உண்மையான சிவப்பை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கதவைச் சாத்தவேண்டும் என்கிற பதைப்பு. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு ஓடி வந்து மிச்சத் தண்ணீரைக் கவிழ்த்தாள். யாரிடமும் சொல்லாதே என்று பிள்ளை வாயைப் பொத்தினாள், என்ன சொல்லக்கூடாது என்று பிள்ளைக்குப் புரியவில்லை.

ஊர் அதற்குள் உபாயம் தேட ஆரம்பித்திருந்தது. பட்டறையிலிருந்து சாயப்பொடியை மடியில் கட்டிக் கொண்டுவந்து பெட்டிக்கடையில் சர்பத் பொடி மாதிரிப் பொட்டலம் போட்டு விற்றார்கள். போட்டுக் கலக்கினால் நிறம் பிடிக்கும், ஆனால் மனசு முடிவாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் பொடியும் தெளிந்துவிடும். பெண்கள் வாசலில் தலை சீவுவதை விட்டார்கள், சீப்பு கையில் இருப்பதைப் பார்த்தால் யார் என்ன நினைப்பார்களோ என்று சிக்கும் முடிச்சுமாகத் திரிந்தார்கள். கடைசியில் அவர்கள் கண்டுபிடித்தது ஒரே ஒரு வழி. தண்ணீருக்குச் சாயம் ஏற்றப் பயம் ஒன்றால்தான் முடியும். நடிப்புப் பயம் செல்லாது. மாரப்பன் செருப்புச் சத்தம் கேட்டதும் ரோட்டில் கிடக்கும் உன் பாத்திரங்களை நினை, பஸ் ஸ்டாண்டில் மூட்டை மேல் உட்கார்ந்திருக்கும் உன் பிள்ளையை நினை, வேண்டாம் சாமி, எனக்குக் கோமதியும் வேண்டாம், குழாயும் வேண்டாம் என்று நிஜமாகவே, அடி மனசிலிருந்து கைவிடு. கைவிட்டால் சொம்பு கலங்கும்.

துளசிமணியைப்போல அதில் தேறியவர்கள் இல்லை. மாரப்பன் வரும்போதெல்லாம் அவள் சொம்பில் பச்சையோ நீலமோ அன்றைக்கு எது உண்டோ அது கெட்டியாக நின்றது. நல்ல அம்மிணி என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் தெரு முனை திரும்பியதும் துளசிமணி குடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, தாரணியின் காலைப் பார்த்து, கைவிட்டதைத் திரும்பப் பிடிப்பாள். முதல் தடவை உடனே தெளிந்தது. அடுத்தடுத்து உலை கொதிக்கிற நேரம் ஆனது, பிறகு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. ஒருநாள் விளக்கு வைக்கும்வரை உட்கார்ந்தும் குடம் தெளியவே இல்லை.  வேலை போகும், வீடு போகும் என்ற பயத்தைவிடப் பெரிய பயமாக இது வந்து உட்கார்ந்தது, ஓட்டுப் போடுகிற நாளன்று தன்னால் திரும்பி வர முடியாமல் போய்விடுமோ, பயந்தவளாகவே நின்றுவிடுவேனோ என்கிற பயம்.

சென்னியப்பனிடம் அவள் மூச்சு விடவில்லை. அவன் தொட்ட தண்ணீர் என்றைக்குமே தெளிந்ததில்லை. சோறு தின்றுகொண்டே, கால் புண்ணு இன்னைக்கில்லைன்னா நாளைக்கு ஆறும், வேலை போனா வருமா என்பான். அவன் விரல் நகங்களுக்குள் சாயம் ஏறி ஏறி நகமே நீலமாக வளர்ந்தது. அவளுக்கு மாரப்பனிடம் இருந்த பயத்தில் பாதி அவனிடமும் இருந்தது, தெரிந்தால் என்ன சொல்வானோ, யாரிடம் சொல்வானோ.

பிரசாரத்தின் கடைசி நாள் ராசப்பன் ஊர்வலமாக வந்தார். வீட்டுக்கு வீடு ஆரத்தி எடுக்க வேண்டும் என்று முன்னாலேயே தகவல் வந்திருந்தது. மற்ற ஊர்களில் ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைப்பார்கள். இங்கே முதலாளி அதற்கென்றே பட்டறையில் சிவப்பு ஓடவிட்டிருந்தார், குழாயைத் திறந்தாலே ஆரத்தித் தண்ணீர். லைன் வீட்டுப் பெண்கள் தட்டோடு வரிசையாக நின்றார்கள். கொட்டுச் சத்தம் நெருங்க நெருங்கத் துளசிமணி கையிலிருந்த தட்டு படபடவென்று ஆடியது, நடுவில் வைத்த வெற்றிலை மேல் கற்பூரம் நகர்ந்து நகர்ந்து ஓரத்துக்கு வந்தது. ராசப்பனுக்குப் பக்கத்தில் மாரப்பன், முகங்களைப் பார்க்காமல் தட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார்.

துளசிமணிக்குப் பக்கத்து வீட்டுச் சரசாள், பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள், பயப்பட முயற்சி பண்ணிக்கொண்டுதான் இருந்தாள். உதடு கடித்து, கண்ணை இறுக்கி மூடி, அவளும் என்னென்னவோ நினைத்துப் பார்த்தாள். தட்டு அவள் பேச்சைக் கேட்கவில்லை. சிவப்பு ஓரத்திலிருந்து விலகி, எவர்சில்வர் தட்டு பளிச்சென்று தெரிந்தது, அதில் ராசப்பனின் முகமும் தெரிந்தது. ராசப்பன் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். மாரப்பன் ஒரு தடவை தலையை ஆட்டினார். அடுத்துத் துளசிமணி. அவள் தட்டில் சிவப்பு கருஞ்சிவப்பாகக் குழம்பி நின்றது, வரிசையிலேயே அவளுடையதுதான் அடர்த்தி. இந்தத் தங்கச்சி தட்டைப் பாருங்க என்று ராசப்பன் எல்லோருக்கும் காட்டி, அவளே தொட்டு வைக்கட்டும் என்று நெற்றியைக் குனிந்து காட்டினார். துளசிமணி தொட்டுப் பொட்டு வைத்தாள். தப்பித்தேன் என்று ஒரு நிமிஷம் உடம்பு லேசானது, அந்தச் சிவப்பு பொய் இல்லை என்பது அடுத்த நிமிஷம் உறைத்தது. மறுநாள் காலை சரசாளின் கட்டிலும் தையல் மிஷினும் ரோட்டில் கிடந்தன, துளசிமணி ஜன்னல் வழியாகப் பார்த்தாள், வெளியே போய் ஒரு கை பிடித்து ஏற்றிவிடவில்லை.

ஓட்டுப் போடும் நாள் விடிந்தபோது ஊரில் ஒரு வீட்டிலும் தெளிந்த தண்ணீர் இல்லை. துளசிமணி குடத்தில் கையை விட்டு, மகள் பெயரைச் சொல்லி, குலசாமி பெயரைச் சொல்லி, கோமதி பெயரைக்கூட வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. எல்லாம் முடிஞ்சுது என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போய் வரிசையில் நின்றாள், விரலில் மை வைத்துக்கொண்டாள், சீட்டை வாங்கிக்கொண்டு அட்டை மறைப்புக்குப் பின்னால் போனாள். அங்கே அவளும் முத்திரைக் கட்டையும் மட்டும்தான். ராசப்பன் சின்னத்தில் குத்திவிடு, குத்திவிடு என்று பயம் காதோரம் சொல்லிக்கொண்டே இருந்தது, அவளும் சரி சரி என்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். கை போய்ச் சீப்பில் குத்தியது. பயம் போய்விடவில்லை, தைரியம் ஒன்றும் எங்கிருந்தோ வந்துவிடவும் இல்லை, பயம் அப்படியே முழுசாக இருக்கையிலேயே கை அதன் வேலையைப் பார்த்துவிட்டது. சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு, திருடிவிட்டு வருகிறவள் மாதிரி வெளியே வந்தாள். வீட்டுக்கு வந்து குடத்தைப் பார்த்தாள். சிவப்புதான்.

ஊரில் ஒரு குடமும் தெளியாததால் முதலாளி நிம்மதியாக வெடி வாங்கி அடுக்கியிருந்தார். ஓட்டு எண்ணினால் பெட்டிக்குப் பெட்டி சீப்பு. கோமதி ஜெயித்துவிட்டாள், அதுவும் எக்கச்சக்க வித்தியாசத்தில்.

ஆனால் ஒரு வெடி வெடிக்கவில்லை. நான் ஒருத்திதானே போட்டேன், மற்றவர்கள் யார் என்று ஒவ்வொருவரும் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். நன்றி சொல்ல வந்த கோமதி மொபட்டைத் தெருத் தெருவாக ஓட்டினாள், ஒரு வாசலிலும் ஆளில்லை. எங்கேயாவது ஒரு கதவு திறந்தால் அவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. பேயைப் பார்த்ததுபோலப் பார்த்தார்கள், தாங்களே ஓட்டுப் போட்டு வரவழைத்தவளை.

அன்றைக்குச் சென்னியப்பன் பாதி வேலையில் வீட்டுக்கு வந்தான். கதவைச் சாத்தினான், சுவரோரம் உட்கார்ந்தான், உதடு வறண்டு போயிருந்தது. "துளசி, நான் சீப்புலதான் குத்திப்போட்டேன்" என்றான். பிள்ளை காலைப் பார்த்துக்கொண்டு எப்படி மற்றதில் குத்துவது என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டான். நானும்தானுங்க என்கிற சொல் துளசிமணியின் தொண்டைவரை வந்தது. லைன் வீட்டுச் சுவர் மெல்லிசு, அந்தப் பக்கம் யார் காது வைத்திருக்கிறார்களோ, இவனையே மாரப்பன் சொல்லி அனுப்பியிருந்தால்? இப்படியும் நினைக்கத் தோன்றியது பாருங்கள், கட்டின புருஷனை, கண்ணெதிரே அழுகிறவனை. "ஏனுங்க இப்படிப் பண்ணிப்போட்டீங்க? புள்ளைய நெனைச்சுப் பாத்தீங்களா?" என்று அவள் வாய் கேட்டது. தப்புத்தான் என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கோமதி யாரையும் எதிர்பார்க்கவில்லை. தீர்மானம் போட்டாள், கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள், ஒருநாள் அதிகாரிகளைக் கூட்டி வந்து ஓடைக் குழாய்க்குப் பூட்டுப் போடவைத்தாள். பட்டறை அரை ஷிப்டுக்கு வந்தது, சுத்தம் பண்ணுகிற மிஷின் வரும் வரும் என்றார்கள். மழை ஒன்று வந்து ஓடையைக் கழுவிவிட்டுப் போன பிறகு ஊர்க் குழாயில் தண்ணீர் தெளிந்து வந்தது. இந்தத் தடவை அதிசயம் எதுவும் இல்லை, சாயம் வராததால் சாயம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் சொம்பைப் பார்த்து எந்தத் தெளிவு எதனால் வந்தது என்று யார் சொல்வது? சீப்பில் குத்தியது யார் யார் என்று முதலாளி இன்னும் தேடிக்கொண்டிருந்தார், மாரப்பன் இன்னும் செருப்பைக் கழற்றி ஓரத்தில் விட்டுக்கொண்டிருந்தார். அதனால் வீட்டுக்கு வீடு பெண்கள் நல்ல தண்ணீரைப் பிடித்து வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு சிட்டிகை சாயப்பொடி போட்டுக் கலக்கினார்கள். முன்னே தெளிந்து போன பொடி இப்போது நன்றாகப் பிடித்தது. தெளியவைக்கிற மனசு எந்த வீட்டிலும் மிச்சம் இல்லை. தாரணியின் புண் ஆறவில்லை.

அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், துளசிமணி குடத்துக்குள் நீலப் பொடியைப் போட்டுக் கையால் கலக்கிக்கொண்டிருந்தபோது, நிமிர்ந்தால் சென்னியப்பன் நிற்கிறான். அவன் கோபப்படவில்லை. அதே தண்ணியத்தான் புள்ளைக்கு ஊத்தப் போறியா என்று மட்டும் கேட்டான். அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். பிள்ளை குளிக்கிறதற்காகப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலைக் கொடுக்கப் பயந்து, கதவுக்குப் பின்னால் ஒண்டி நின்றது. அம்மாவின் கையில் இருக்கும் மக்கைப் பார்த்துத்தான் ஒண்டியது. துளசிமணிக்கு உள்ளே எதுவோ அறுந்தது. யாருக்காக இத்தனை பயப்பட்டேனோ அது என்னைப் பார்த்துப் பயப்படுகிறதே.

"நானும் சீப்புலதானுங்க குத்தினேன்" என்றாள்.

சொல்லி முடிக்கவில்லை, குடத்தில் நீலம் அவள் மணிக்கட்டைச் சுற்றி வெளுத்து, அடிவரைக்கும் இறங்கி, குடத்தின் உள் நெளிவுகளெல்லாம் தெரிந்தது. சென்னியப்பன் அதைப் பார்த்தான், ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான், சாத்திய பிறகுதான் திரும்பி அவளைப் பார்த்தான். துளசிமணி குடத்தை இடுப்பில் எடுத்தாள். ஒரு கையால் மகளைப் பிடித்துக்கொண்டாள். கதவைத் திறங்க என்றாள். அவன் நகராமல் நிற்கவே அவளே தாழ்ப்பாளை நீக்கினாள்.

லைன் வீடுகளுக்கு நடுவில் பொதுத் துவைகல். நல்ல வெயில். துளசிமணி அதன்மேல் தாரணியை உட்காரவைத்து, எல்லோரும் பார்க்க, தெளிந்த தண்ணீரை மொண்டு ஊற்றினாள். வரிசையாகக் கதவுகள் ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தன, அதற்குமேல் திறக்கவில்லை. தெருமுனையில் மாரப்பன் நடந்து வந்துகொண்டிருந்தவர் நின்றார். நின்றவர் போகவில்லை. துளசிமணிக்கு மக்கு கையில் நிற்கவில்லை, பாதித் தண்ணீர் கல்லில் சிந்தியது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சென்னியப்பன் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாரப்பன் பக்கமாக முதுகைக் காட்டிக்கொண்டு பிள்ளைக்கு மறைப்பாக நின்றான்.

தாரணி தன் காலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ஏம்மா கை இப்படி நடுங்குது? தண்ணி குளுருதா?"

"இல்ல கண்ணு, பயமா இருக்குது" என்றாள் துளசிமணி. "நீ அந்தக் காலை நீட்டு."